தெரு கேட்ட தலைவர்கள்

பாலகங்காதர திலகர் ஒருமுறைகூட காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்ததில்லை.

இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. லோகமான்யர் என்று நாடே கொண்டாடிய மனிதர் அவர். மில் தொழிலாளியும் பள்ளி மாணவனும் பெயர் சொல்லிக் கோஷமிட்ட முதல் அரசியல்வாதி. 1906-ல் கல்கத்தா மாநாட்டுக்கு அவர் பெயர் எழுந்தபோது, 81 வயதான தாதாபாய் நவரோஜியை இங்கிலாந்திலிருந்து அழைத்து வந்து நிறுத்தினார்கள். பெரியவரை எதிர்த்துப் போட்டியிட யாருக்கு மனம் வரும்? 1907-ல் மீண்டும் திலகர் பெயர் எழுந்தது. அந்த ஆண்டு மாநாடு நடக்கவிருந்த ஊரையே மாற்றினார்கள். கடைசியில் 1918-ல் டெல்லி மாநாட்டுக்கு அவரையே தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் ஒரு வழக்குக்காக அவர் லண்டனில் இருந்தார். மதன்மோகன் மாளவியா அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். 1920 ஆகஸ்ட் 1 அன்று மும்பையில் திலகர் காலமானார்.

அவர் பிறந்தது ரத்தினகிரியில் என்றாலும் வாழ்ந்ததும் போராடியதும் புனேயில். அதே புனே மாவட்டத்திலிருந்து பின்னாளில் இன்னும் இருவர் காங்கிரஸ் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார்கள்: 1950-ல் சங்கர்ராவ் தேவ், 1997-ல் சரத் பவார்.

அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் 'பிரைமரி' எனப்படும் கட்சி முன்தேர்தல் நடக்கும்போது, நம் தொலைக்காட்சிகள் மாதக்கணக்கில் அதைப் பேசுகின்றன. பனியில் வீடு வீடாக ஏறி இறங்கும் தொண்டர்கள், பெரிய பெயர் இல்லாத ஒருவரைச் சுற்றித் திடீரென்று எழும் அலை, பள்ளிக்கூட அரங்குகளில் நிரம்பி வழியும் கூட்டம். இந்த உற்சாகம் நம்மிடம் இல்லையா? ஏராளமாக இருக்கிறது. அமெரிக்காவில் அதிபர் முன்தேர்தல்கள் பரவலாவதற்கு முன்பே, 1907-ல், ஒரு கட்சியின் தலைவர் யார் என்பதற்காக இந்தியாவின் தெருக்கள் கொதித்திருக்கின்றன. நம்மிடம் இல்லாதது அந்தக் கொதிப்பு வாக்காக மாறும் வழிதான். இந்தக் கட்டுரை அந்த வழியைப் பற்றியது.

ஒரே ஊரின் இரண்டு முகவரிகள்

பழைய புனே பேட்டைகளால் ஆன ஊர். கஸ்பா, சனிவார், புத்வார், நாராயண், சதாசிவ் என்று ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும் தெருக்கள். நாராயண் பேட்டில் இருக்கிறது கேசரி வாடா. நடுவில் முற்றம், சுற்றிலும் கட்டடம் என்று அமைந்த மராட்டியப் பெருவீடு. கெய்க்வாட் மன்னர் குடும்பத்திடமிருந்து 1905-ல் திலகர் அதை வாங்கினார். மராத்தியில் 'கேசரி', ஆங்கிலத்தில் 'மராட்டா' என்று 1881 முதல் வெளிவந்த இரண்டு பத்திரிகைகளுக்கும் அது வீடானது. புனேயின் விநாயகர் ஊர்வலத்தில் முதல் மரியாதை பெறும் ஐந்து பிள்ளையார்களில் ஐந்தாவது பிள்ளையார் இந்த வாடாவுடையது. கட்டுரை எழுதிய அதே இடத்தில் கூட்டமும் கூடியது, கூடிய கூட்டமே பத்திரிகையையும் வாங்கிப் படித்தது. திலகரின் பலம் இந்த முற்றத்தில் உருவானது.

அதே ஊரின் இன்னொரு முகவரி கோபால கிருஷ்ண கோகலே. பெர்குசன் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். 1905 ஜூன் 12 அன்று இந்திய ஊழியர் சங்கத்தை அங்கே தொடங்கினார். அந்த ஆண்டு டிசம்பரில் காசி மாநாட்டின் தலைவரும் அவர்தான். சட்டசபையில் புள்ளிவிவரத்தோடு பேசி அரசாங்கத்தைத் திணறடிப்பவர். கூட்டத்தைக் கிளறிவிடும் பேச்சு அவருக்குப் பிடிக்காது.

இந்த இரண்டு முகவரிகளுக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் போனார்கள். கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரி 1907-ல் கோகலேயிடம் சேர்ந்தார். 1915-ல் கோகலே மறைந்த பிறகு சங்கத்தின் தலைமைப் பொறுப்பு அவரிடமே வந்தது. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சிதம்பரனாரும், சென்னையில் 'இந்தியா' வார இதழை நடத்திய சுப்பிரமணிய பாரதியும் திலகர் பக்கம் நின்றார்கள்.

திலகரைப் பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லா விஷயத்திலும் அவர் முன்னால் நின்றவர் கிடையாது. பெண்ணின் சம்மத வயதை உயர்த்திய 1891 சட்டத்தை எதிர்த்தார். 1895-ல் காங்கிரஸ் மாநாடு பூனாவில் நடந்தபோது, சமூகச் சீர்திருத்த மாநாட்டை அதே பந்தலில் நடத்தக் கூடாது என்று எழுந்த எதிர்ப்பின் பக்கமே இருந்தார். தெருவின் குரல் எப்போதும் நியாயத்தின் குரலாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்தக் குரலை எண்ணிப் பார்க்க ஒரு முறை வேண்டும் என்பதுதான் என் வாதம்.

ஊரை மாற்றிய கணக்கு

1907 மாநாடு நாக்பூரில் நடப்பதாக இருந்தது. அன்றைய காங்கிரஸுக்கு எழுதப்பட்ட அமைப்பு விதி என்று உருப்படியாக எதுவும் இல்லை. மாநாடு நடக்கும் ஊரின் வரவேற்புக் கமிட்டிதான் தலைவரைத் தேர்ந்தெடுக்கும். அதற்கு நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும், கிடைக்காவிட்டால் மேலே இருக்கும் கமிட்டி முடிவு செய்யும் என்று முந்தைய ஆண்டுதான் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள்.

நாக்பூரில் திலகரைப் பின்பற்றிய தீவிரப் பிரிவினர், அதாவது புதிய கட்சியார், வலுவாக இருந்தார்கள். டாக்டர் மூஞ்சே போன்றவர்கள் திலகர்தான் தலைவர் என்று ஊரைத் திரட்டினார்கள். கோகலே பக்கம் நின்ற மிதவாதிகளுக்குக் கமிட்டியில் கூடுதல் ஆள் இருந்தும் அந்த முக்கால் பங்கு இல்லை. கமிட்டிக் கூட்டங்கள் கூச்சலில் முடிந்தன. நவம்பரில் மும்பையில் பெரோஸ்ஷா மேத்தாவின் வீட்டில் கூடிய மூத்தவர்கள், மாநாட்டைச் சூரத்துக்கு மாற்றினார்கள்.

சூரத் ஏன்? மேத்தாவின் செல்வாக்கு அங்கே அதிகம் என்பது ஒரு காரணம். இன்னொன்று அதைவிட நுட்பமானது. எந்த மாகாணத்தில் மாநாடு நடக்கிறதோ அந்த மாகாணத்துக்காரர் தலைவராவதில்லை என்பது காங்கிரஸின் வழக்கம். நாக்பூர் மத்திய மாகாணத்தில் இருந்தது. சூரத்தோ பூனாவைப் போலவே பம்பாய் மாகாணத்தில். ரயில்வே வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்தியதிலேயே திலகர் போட்டியிலிருந்து விலக்கப்பட்டுவிட்டார்.

திலகர் பிடிவாதம் பிடிக்கவில்லை. அந்த மே மாதம் மாண்டலேக்கு நாடுகடத்தப்பட்டு நவம்பரில் விடுதலையாகியிருந்த லாலா லஜபதி ராயைத் தலைவராக்குங்கள் என்றார். அரசாங்கம் தண்டித்த ஒருவரைத் தலைமையில் உட்காரவைத்தால் அதுவே நாட்டின் பதிலாக இருக்கும் என்பது புதிய கட்சியின் எண்ணம். லஜபதி ராய் பிளவுக்குக் காரணமாக இருக்க விரும்பாமல் விலகிக்கொண்டார். சூரத் வரவேற்புக் கமிட்டி வங்காளத்து வழக்கறிஞர் ராஷ் பிகாரி கோஷைத் தேர்ந்தெடுத்தது.

சென்னையிலிருந்து கிளம்பிய ரயில்

அந்த ஆண்டு மே மாதம் புதிய கட்சியின் வங்காளத் தலைவர் பிபின் சந்திர பால் சென்னைக் கடற்கரையில் பேசினார். ஏற்பாடு செய்தவர்களில் பாரதியும் ஒருவர். மணலில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து கேட்டவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். அதற்கு முன்பு சென்னையில் காங்கிரஸ் என்றால் மயிலாப்பூர் வழக்கறிஞர்களின் வேலை. இந்தக் கூட்டங்களுக்குப் பிறகு அது அப்படி இருக்கவில்லை.

அந்த டிசம்பரில்தான் பாரதிக்கு 25 வயது நிறைந்தது. 'இந்தியா'வில் வாரந்தோறும் காங்கிரஸ் விவகாரங்களை எழுதினார். யார் எந்தப் பக்கம், எந்தத் தீர்மானத்தை நீர்க்கச் செய்யப் பார்க்கிறார்கள் என்று பெயர் சொல்லி எழுதினார். சூரத் மாநாட்டுக்கு வாருங்கள் என்று புதிய கட்சியாரை அழைத்தார். அந்தக் காலத்தில் ஒரு பொதுக்கூட்டமே பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம் என்பதால், ஊர் ஊராக ஆள் திரட்டுவது பொருளுள்ள வேலையாக இருந்தது. வ.உ.சி. தூத்துக்குடியிலிருந்து வந்தார். கப்பல் கம்பெனியின் கடன், வெள்ளைக்காரக் கம்பெனியின் கட்டணப் போட்டி என்று தலைக்கு மேல் வேலை இருந்த நேரம் அது. வழக்கறிஞர் துரைசாமி ஐயர், சக்கரைச் செட்டியார் போன்றோரும் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பயணத்தை 'எங்கள் காங்கிரஸ் யாத்திரை' என்று பாரதி தனி நூலாகவே எழுதினார்.

இங்கே ஒரு செய்தி நெஞ்சைத் தொடுவது. அதே 1907-ல் பாரதியின் தேசபக்திப் பாடல்களை 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக விநியோகித்தவர் வி.கிருஷ்ணசாமி ஐயர். அவர் சென்னை மிதவாதிகளின் தலைமை மூளை, பாரதியின் எழுத்தில் கடுமையாக அடிவாங்கியவர். பாட்டைக் கேட்டதும் பகையை மறந்தார். கட்சிக்குள் சண்டை இருந்தாலும் மனிதர்கள் ஒருவரையொருவர் மதித்த காலம் அது. சூரத்தில் உடைந்தது மனிதர்களின் குணத்தால் மட்டும் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

டிசம்பர் 27

தபதி ஆற்றங்கரையில் பந்தல். 1,600-க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள், அதைவிடப் பல மடங்கு பார்வையாளர்கள். டிசம்பர் 26 பிற்பகலில் ராஷ் பிகாரி கோஷின் பெயரை முன்மொழிந்தார்கள். வழிமொழியச் சுரேந்திரநாத் பானர்ஜி எழுந்தார். இந்தியாவின் மிகச் சிறந்த பேச்சாளர் என்று பெயர் பெற்றவரை ஒரு வாக்கியம்கூடப் பேசவிடவில்லை. 'நாக்பூரை நினைத்துப் பார்' என்ற கூச்சல் பந்தலை நிறைத்தது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

மறுநாள் திலகர் வரவேற்புக் கமிட்டித் தலைவர் மால்விக்கு ஒரு சீட்டு அனுப்பினார். தலைவர் தேர்வின்மேல் ஒரு ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவர வேண்டும், பேச அனுமதி வேண்டும் என்று. பதில் வரவில்லை. கோஷ் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவித்தார்கள். அவர் உரையைத் தொடங்க எழுந்தார். அப்போது திலகர் மேடையேறி, அவர் முன்னால் வந்து நின்றார். எனக்குப் பேச உரிமை உண்டு, கூட்டத்தைக் கேளுங்கள் என்றார். முடியாது என்றார்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

மேடையிலிருந்த இளைஞர்கள் சிலர் அவரை இழுத்துத் தள்ளப் பாய்ந்தார்கள். அப்போது அவருக்கும் அவர்களுக்கும் நடுவில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். கோகலே! பூனாவில் இருபது ஆண்டுகளாகத் திலகரோடு கல்லூரியில், பத்திரிகையில், சபைகளில் மோதியவர். எதிராளியின் மேல் ஒரு கை படக் கூடாது என்று மறித்து நின்றார். பத்திரிகையாளர் வரிசையில் இருந்த இங்கிலாந்துக்காரர் ஹென்றி நெவின்சன் இதைக் கண்ணால் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்.

அந்த நொடியில் ஒரு செருப்பு பறந்து வந்தது. மராட்டியர் அணியும் கூர்மூக்குச் சிவப்புச் செருப்பு. பானர்ஜியின் கன்னத்தில் பட்டு, மேத்தாவின் மேல் விழுந்தது. பிறகு நாற்காலிகள், தடிகள், தலைப்பாகைகள். போலீஸ் வந்து பந்தலைக் காலி செய்தது.

அன்று பந்தலில் இருந்தவர்களில் பெரும்பான்மை யார் பக்கம்? யாருக்கும் தெரியாது. எண்ணவே இல்லை. ஒரு பிற்பகல் செலவழித்துக் கையுயர்த்தச் சொல்லி எண்ணியிருக்கலாம். தோற்றவர் தோற்றோம் என்று ஊர் திரும்பியிருப்பார். பேச அனுமதி கேட்டு எழுதிய சீட்டுக்குப் பதில் தராத மேடைக்கும், நாற்காலியை எறிந்த கூட்டத்துக்கும் நான் சமமாகப் பழி போடமாட்டேன். அதிகாரம் மேடையிடம் இருந்தது. எனவே பொறுப்பும் அங்கேதான் கூடுதல்.

காலியான பந்தல்

அடுத்த ஓராண்டில் நடந்தவை தமிழ்நாடு அறிந்தவை. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைது, திருநெல்வேலி எழுச்சி, ஜூலையில் நாற்பதாண்டுத் தண்டனை. ஜூன் 24 அன்று திலகர் கைது, ஜூலை 22 அன்று ஆறாண்டுத் தண்டனை, மாண்டலே. ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் ஆறு நாள் மும்பை மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் காங்கிரஸில் வாக்கு கிடையாது. பாரதி புதுச்சேரிக்குப் போனார்.

மிதவாதிகள் 1908 டிசம்பரில் சென்னையில் மாநாடு கூட்டினார்கள். தலைவர் அதே ராஷ் பிகாரி கோஷ். இப்போது விதிகள் எழுதப்பட்டுவிட்டன. கொள்கையில் கையெழுத்திட்டவர்தான் பிரதிநிதி, அங்கீகரிக்கப்பட்ட சபைகள்தான் அனுப்பலாம். சூரத்தில் 1,600-க்கு மேல் இருந்த பிரதிநிதிகள் சென்னையில் 626 ஆனார்கள். அடுத்த ஆண்டு லாகூரில் 243. திலகர் திரும்பி வந்து இரு தரப்பும் ஒன்று சேர்ந்த 1916 லக்னோ மாநாட்டில் மறுபடியும் 2,300 பேர்.

அந்த எண்களை நம் கட்சி அலுவலகங்களில் எழுதிவைக்க வேண்டும். பந்தலுக்கு வெளியே திலகரின் செல்வாக்கு குறையவில்லை: சென்னைத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் பொதுக்கூட்டம் நடந்த இடத்துக்குத் 'திலகர் கட்டம்' என்றே பெயர் வந்தது.

வாக்கு வந்தது, யாருக்கு?

1920 நாக்பூர் மாநாடு காங்கிரஸுக்கு உண்மையான அமைப்பு விதியைத் தந்தது. நாலணா கொடுத்தால் உறுப்பினர். மொழிவாரி மாகாணக் கமிட்டிகள். மக்கள்தொகைக்கு ஏற்பப் பிரதிநிதிகள். காந்தி முன்னின்று செய்த இந்த வேலையில் திலகரின் ஆளாகச் சேர்ந்தவர் 'கேசரி' ஆசிரியர் என்.சி.கேல்கர். திலகர் கேட்டது, அவர் இறந்த சில மாதங்களில், அவர் தலைவராகக் கூடாதென்று எந்த ஊரிலிருந்து மாநாட்டை இடம்மாற்றினார்களோ அதே நாக்பூரில் நிறைவேறியது.

அந்த வாக்குமுறை 1939 ஜனவரியில் தன் வலிமையைக் காட்டியது. காந்தியின் ஆதரவு பெற்ற பட்டாபி சீதாராமையாவை 1,580-க்கு 1,377 என்று சுபாஷ் சந்திர போஸ் வென்றார். ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக ஆட்சி செய்துகொண்டிருந்தபோதும் தமிழ்நாட்டுப் பிரதிநிதிகளில் போஸுக்கே கூடுதல் வாக்கு. முத்துராமலிங்கத் தேவர் போன்ற இளைஞர்கள் அவர் பக்கம் நின்றார்கள். ஆனால் மூன்றே மாதத்தில் போஸ் பதவி விலக நேர்ந்தது. செயற்குழுவை அமைக்கக்கூட விடவில்லை. வாக்குப் பெட்டி ஒரு முடிவு சொன்னது, பெட்டிக்கு வெளியே வேறு முடிவு எடுத்தார்கள்.

1950-ல் மும்முனைப் போட்டி. புருஷோத்தம்தாஸ் தாண்டன் 1,306, கிருபளானி 1,092, முல்ஷி அணைக்கு எதிராக விவசாயிகளோடு சிறை போன புனே மாவட்டத்துச் சங்கர்ராவ் தேவ் 202. நேருவுக்குத் தாண்டனைப் பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டே தாண்டன் விலகினார், நேரு தலைவரானார். 1997-ல் பாராமதியின் சரத் பவாருக்கு 882 வாக்கு, சீதாராம் கேசரிக்கு 6,224. கேசரியை ஓராண்டுக்குள் செயற்குழு நீக்கியது. இரண்டாண்டில் பவார் தனிக்கட்சி கண்டார்.

2022-ல் நடந்ததைப் பலர் நேரில் கண்டிருப்பார்கள். மல்லிகார்ஜுன கார்கே 7,897, சசி தரூர் 1,072, செல்லாதவை 416. தரூர் தம் பிரசாரத்தைத் தொடங்கிய இடம் நாக்பூரில் அம்பேத்கர் பௌத்தம் தழுவிய தீட்சா பூமி. ஊடகங்களிலும் இளைஞரிடையேயும் அவருக்கு இருந்த வரவேற்பு பெரிது. தமிழ்நாடு காங்கிரஸ் தலைமையகமான சென்னை சத்தியமூர்த்தி பவனுக்கு வந்தபோது அவரைக் காண வந்த வாக்காளர்களை விரல்விட்டு எண்ணலாம். வாக்காளர் பட்டியலை வெளியிடுங்கள் என்று கட்சியின் சில எம்.பி.க்களே கேட்க வேண்டியிருந்தது. வேட்பாளரின் கைக்குப் பட்டியல் வந்தபோது பலருடைய தொலைபேசி எண் இல்லை. வாக்குச்சீட்டில் '1' என்று எழுத வேண்டும் என்றிருந்ததை, முதல் பெயர் கார்கேயுடையது, குழப்பம் வரும் என்று அவர் ஆட்சேபித்த பிறகு 'டிக்' குறியாக மாற்றினார்கள். கார்கே வென்றது முறையான வெற்றி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. கோடிக்கணக்கில் உறுப்பினர்கள் உள்ளதாகச் சொல்லும் கட்சியில் வாக்களித்தவர்கள் 9,385 பேர் என்பதுதான் என் கவலை. ஆனாலும் இந்த அளவுக்காவது தேர்தல் நடத்திக் காட்டிய பெரிய கட்சி நாட்டில் வேறு எது?

நம் வீட்டுக் கணக்கு

தமிழ்நாட்டுக்கு வருவோம். அ.தி.மு.க.வைத் தொடங்கியபோது எம்.ஜி.ஆர். ஓர் அருமையான விதி வைத்தார். பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் அனைவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்று. அமெரிக்க முன்தேர்தலைவிடவும் நேரடியான ஏற்பாடு. ஆனால் ஒரு ரிக்‌ஷாக்காரத் தொண்டர் இரண்டு வேட்பாளர்களை எடைபோட்டு வாக்களித்த நாள் ஒன்று அந்தக் கட்சியில் வந்ததில்லை. 2022 ஜூலைப் பொதுக்குழு, போட்டியிடுபவரை 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், 10 பேர் வழிமொழிய வேண்டும் என்று விதியைச் சேர்த்தது. 2023 மார்ச்சில் எடப்பாடி பழனிசாமி போட்டியின்றித் தேர்வானார். தி.மு.க.வில் கிளைக் கழகத்திலிருந்து மேலே வரை தேர்தல் நடக்கிறது என்றாலும் மு.க.ஸ்டாலின் 2018-லும் 2022-லும் போட்டியின்றியே தலைவரானார். இரு தலைவர்களுக்கும் தொண்டர் ஆதரவு இருக்கிறது. இருக்கட்டும். அதை எண்ணிக் காட்டுவதில் என்ன தயக்கம்?

மகாராஷ்டிரத்தில் இந்தக் கேள்வி நீதி கேட்கும் கேள்வியாகவே மாறியது. 2023 பிப்ரவரி 17 அன்று சிவசேனைப் பெயரையும் வில்-அம்புச் சின்னத்தையும் பிரிந்து சென்ற ஏக்நாத் ஷிண்டே தரப்புக்குத் தந்த தேர்தல் ஆணையம், அந்தக் கட்சியில் நிர்வாகிகள் தேர்தலே இல்லாமல் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று கண்டித்தது. அடுத்த ஆண்டு சரத் பவார் கண்ட தேசியவாத காங்கிரஸும் அஜித் பவார் தரப்புக்குப் போனது. இரண்டிலும் முடிவு செய்தது எம்.எல்.ஏ., எம்.பி.க்களின் தலை எண்ணிக்கை. வாழ்நாளெல்லாம் கொடி கட்டியவரின் எண்ணிக்கையை யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் காட்ட நம்பகமான பதிவேடு இல்லை.

கஸ்பாவில் எண்ணினார்கள்

சிவசேனைத் தீர்ப்பு வந்த ஒன்பதாம் நாள், புனேயின் கஸ்பா பேட் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல். எம்.எல்.ஏ.வாக இருந்து காலமான முக்தா திலக், லோகமான்யரின் கொள்ளுப்பேரனின் மனைவி. முந்தைய ஜூனில் புற்றுநோயோடு ஆம்புலன்ஸில் மும்பை போய் மாநிலங்களவைத் தேர்தலில் வாக்களித்தவர் அவர். பா.ஜ.க. அந்தக் குடும்பத்துக்கு வாய்ப்புத் தராமல் ஹேமந்த் ரசானேயை நிறுத்தியது. பேட்டைகளில் அது வருத்தமாகப் பரவியது. காங்கிரஸின் வேட்பாளர் ரவீந்திர தங்கேகர். இருசக்கர வண்டியில் சந்து சந்தாகச் சுற்றும் முன்னாள் கவுன்சிலர். பெரிய பணமோ பெரிய பெயரோ இல்லாதவர்.

பா.ஜ.க. அமைச்சர்களை இறக்கியது. நோயில் வாடிய கிரிஷ் பாபட், ஐந்து முறை அந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ.வாக இருந்தவர், மூக்கில் பிராணவாயுக் குழாயோடு சக்கர நாற்காலியில் பிரசாரத்துக்கு அழைத்து வரப்பட்டார். அந்த மார்ச் இறுதியில் அவர் மறைந்தார். மார்ச் 2 அன்று எண்ணினார்கள். 28 ஆண்டுகளாகக் கைவிடாத கோட்டையில் தங்கேகர் சுமார் 11,000 வாக்கில் வென்றார்.

அடுத்த ஆண்டு மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் நின்று இரண்டிலும் தோற்றார். பிறகு கட்சியும் மாறினார். அலை வந்தது, வடிந்தது. இரண்டையும் அளந்தது வாக்குப் பெட்டி. திலகருக்கு இருந்த அலை எவ்வளவு என்று சொல்ல நம்மிடம் ஒரு எண் இல்லை. அவர் வீட்டு மருமகளின் தொகுதியில் எழுந்த அலைக்கு எண் இருக்கிறது. பொதுத்தேர்தலில் ஒவ்வொருவருக்கும் தந்த உரிமையைக் கட்சிக்குள் தர மறுப்பதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

நியாயம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தொண்டர்களின் கையில் விட்டால் உணர்ச்சிவசப்படுவார்கள், பொதுமக்கள் விரும்பாதவரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்கிறார்கள். 2015-ல் பிரிட்டன் தொழிற்கட்சி உறுப்பினர்களும் ஆதரவாளர்களும் 59.5 விழுக்காடு வாக்கோடு தேர்ந்தெடுத்த ஜெரமி கார்பின் 2019-ல் படுதோல்வி அடைந்ததைக் காட்டுகிறார்கள். 2014-ல் ராகுல் காந்தி ஏறத்தாழ 15 மக்களவைத் தொகுதிகளில் வேட்பாளர் முன்தேர்தல் நடத்தினார், எல்லாவற்றிலும் காங்கிரஸ் தோற்றது என்கிறார்கள். அது உண்மை. ஆனால் அந்த ஆண்டு நாடு முழுவதும் 44 இடம்தான் கிடைத்தது. வதோதராவில் முன்தேர்தலில் வென்ற உள்ளூர்க்காரர், நரேந்திர மோடி அங்கே நிற்கிறார் என்று தெரிந்ததும் கட்சி மேலிடத்தவரான மதுசூதன் மிஸ்திரிக்கு வழிவிட்டார். மேலிடமே மதிக்காத தேர்தலைத் தொண்டன் எப்படி மதிப்பான்?

அமெரிக்காவிலும் இது ஒரே நாளில் வரவில்லை. 1912-ல் முன்தேர்தல் நடந்த பெரும்பாலான மாநிலங்களில் வென்றும் தியோடர் ரூஸ்வெல்டுக்குச் சிகாகோ மாநாடு வேட்பாளர் இடத்தைத் தரவில்லை. டாஃப்டுக்கே தந்தது. 1968-ல் ஒரு முன்தேர்தலிலும் நிற்காத ஹம்ப்ரியை ஜனநாயகக் கட்சி வேட்பாளராக்கியபோது தெருவில் ரத்தம் சிந்தியது. அதன் பிறகுதான் விதிகளை மாற்றினார்கள். 1972 முதல் முன்தேர்தலைத் தாண்டி யாரும் எளிதில் மேடையேற முடிவதில்லை.

நம் நாட்டில் கட்சிகளைப் பதிவு செய்ய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 29ஏ பிரிவு இருக்கிறது. பதிவு செய்த கட்சி தன் விதியை மீறினால் பதிவை நீக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே மேலேயிருந்து யாரும் வந்து இதைச் சரிசெய்யப் போவதில்லை. நீங்கள் எந்தக் கட்சியின் உறுப்பினராக இருந்தாலும் சரி, அடுத்த முறை அட்டையைப் புதுப்பிக்க வருபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். தலைவர் தேர்தலில் எனக்கு வாக்கு உண்டா? வாக்காளர் பட்டியலை நான் எங்கே பார்க்கலாம்? பதில் கிடைக்கும் வரை சந்தாவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.